அப்பாவுக்கு 58, அம்மாவுக்கு 53, அக்காவுக்கு 38: யார் எந்தப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம்?

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு லேப், "முழு உடல் புற்றுநோய்ப் பரிசோதனை" என்று குடும்பப் பேக்கேஜ் தருகிறது. ரத்தத்தில் ஏழெட்டு மார்க்கர் (புற்றுநோய் இருந்தால் அளவு ஏறும் பொருட்களாம்), மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், தைராய்டு ஸ்கேன். அப்பாவுக்கு 58 வயது. லாரி ஓட்டினார். 32 வருடம் தினமும் 15 சிகரெட், ஆறு வருடத்துக்கு முன் விட்டுவிட்டார். வெற்றிலை, பாக்கு, புகையிலை மட்டும் இன்னும் உண்டு. இரண்டு மாதமாக இருமல் இருக்கிறது, பழைய சிகரெட் இருமல்தான். அம்மாவுக்கு 53. அம்மாவின் தங்கைக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சைக்குப் பின் இப்போது நன்றாக இருக்கிறார். அக்காவுக்கு 38, அவளுக்கு 11 வயதில் ஒரு பெண். எனக்கு 33, மனைவிக்கு 29. எல்லாரும் ஒரே நாளில் போய் எடுத்துவிடலாமா?

பதில்:

பேக்கேஜைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அப்பாவின் இருமல். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த ஒரு வரிதான் இந்தக் கேள்வியிலேயே அவசரமானது.

ஸ்க்ரீனிங் என்பது ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருப்பவருக்குச் செய்வது. உடம்பு வாயைத் திறக்காதபோது நாமாகப் போய்த் தேடுகிறோம். இரண்டு மாதமாக இருமுகிறவருடைய உடம்பு ஏற்கெனவே சொல்லிவிட்டது. அவர் போக வேண்டிய இடம் லேப் இல்லை, டாக்டர். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே சளியைக் காசநோய்க்குப் பார்க்க வேண்டும் என்பது நம் நாட்டு நடைமுறை. அரசு மருத்துவமனையில் இலவசம். கூடவே ஒரு மார்பு எக்ஸ்ரே. அது சுத்தமாக வந்து, இருமல் மட்டும் நிற்கவில்லை என்றால், இந்த வயதில், இவ்வளவு காலம் புகைத்தவருக்கு சி.டி. ஸ்கேன் வரை போய்ப் பார்த்துவிடுவதுதான் சரி. சளியில் ரத்தக் கீற்று, கம்மிய குரல் திரும்பாமலே இருப்பது, காரணமில்லாமல் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு எடை இறங்குவது, இதில் எது இருந்தாலும் அடுத்த வாரம் என்று தள்ள வேண்டாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும்: மூச்சுக்குழாய் அழற்சி, நெஞ்செரிச்சல், சில ரத்த அழுத்த மாத்திரைகள்கூட வறட்டு இருமலைக் கொடுக்கும். ஆனால் சிகரெட்டை விட்ட பிறகு ஆறு வருடமாக இல்லாத இருமல் இப்போது வந்திருக்கிறது என்றால் அதைப் "பழைய" இருமல் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. காசநோய் நிறைய உள்ள நாடு என்பதால், எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் எல்லாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். என்னிடம் வந்த ஒரு விசைத்தறித் தொழிலாளி, அறுபதைத் தொட்டவர். வேறொரு இடத்தில் சளியில் கிருமி தென்படாமலேயே காசநோய் மாத்திரை ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எடை ஏறவில்லை, இருமல் குறையவில்லை. மஞ்சள் பையிலிருந்து மூன்று எக்ஸ்ரேக்களை எடுத்துக் கொடுத்தார். வரிசையாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மாத்திரை சாப்பிடச் சாப்பிட அந்த நிழல் பெரிதாகிக்கொண்டே போயிருந்தது. நான்கு மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. அதனால் மருந்து கொடுத்தும் மாறாத நிழல் என்றால், "சி.டி., பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) தேவையா டாக்டர்?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

சரி. இருமலுக்கு வேறு காரணம் தெரிந்து, அது அடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அப்பாவுக்கு நுரையீரல் ஸ்க்ரீனிங் வேண்டுமா? வேண்டும் என்றே நினைக்கிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021இல் சொன்ன அளவுகோல் இது: வயது 50 முதல் 80, புகைத்தது குறைந்தது 20 'பேக்-இயர்' (தினம் ஒரு பாக்கெட் என்று ஒரு வருடம் பிடித்தால் ஒரு பேக்-இயர்), இப்போதும் புகைப்பவர், அல்லது விட்டு 15 வருடத்துக்குள் இருப்பவர். இவர்களுக்கு வருடம் ஒருமுறை குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன். பேக்-இயர் கணக்கில் நம் ஊரில் பலரும் தவறு செய்வார்கள். அந்தக் கணக்கில் பாக்கெட் என்றால் 20 சிகரெட். நம் பெட்டிக்கடையில் கிடைக்கும் பாக்கெட் பெரும்பாலும் 10. "தினம் ஒரு பாக்கெட்" என்று சொன்னவரை அப்படியே கணக்கில் எழுதினால் இரண்டு மடங்காகிவிடும். உதிரியாக வாங்கிப் பிடிப்பவருக்குப் பாக்கெட் கணக்கே கிடையாது. அதனால் நான் பாக்கெட்டைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருடம், இரண்டையும் பெருக்கு. 400 வந்தால் 20 பேக்-இயர். உங்கள் அப்பாவுக்கு 15ஐ 32ஆல் பெருக்கினால் 480. அதாவது 24 பேக்-இயர். வயதும் பொருந்துகிறது, விட்டு ஆறு வருடம்தான் ஆகிறது.

பீடி பிடித்தவர்களும் இப்படியே எண்ணிக்கொள்ளலாம். பீடியில் புகையிலை குறைவுதானே என்பார்கள். புகையிலை குறைவுதான். ஆனால் அணையாமல் இருக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் உள்ளே போகும் நஞ்சு குறைவதில்லை. அந்தப் பெரிய ஆய்வுகள் சிகரெட்காரர்களை வைத்துச் செய்தவை என்பதால் எண்ணிக்கை கச்சிதமாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஒரு பீடியை ஒரு சிகரெட்டாக எண்ணினால் பெரிய பிழை வராது.

இதற்கு ஆதாரம் என்ன? அமெரிக்காவில் 53,000க்கு மேற்பட்ட கனத்த புகைப்பழக்கக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த சி.டி., மறு பாதிக்கு மார்பு எக்ஸ்ரே என்று வருடம் ஒன்றாக மூன்று முறை எடுத்தார்கள். 2011இல் முடிவு வந்தது. சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் சுமார் 20 சதவீதம் குறைவு. 2020இல் வந்த நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வில் ஆண்களிடம் 24 சதவீதம். எக்ஸ்ரேயின் கதை நேர்மாறு. ஒன்றரை லட்சம் பேரை வைத்து, வருடாவருடம் எக்ஸ்ரே எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்ட இன்னொரு அமெரிக்க ஆய்வில், மரணத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. விலா எலும்பு, காரை எலும்பு, இதயம் இவற்றின் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னக் கட்டியை எக்ஸ்ரே காட்டாது. எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் நேரத்தில் பல சமயம் காலம் கடந்திருக்கும். உங்கள் பேக்கேஜில் இருக்கும் "மார்பு எக்ஸ்ரே" புற்றுநோய்த் தேடலில் சேர்த்தி இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் சுலபம். ஊசி இல்லை, வெறும் வயிறு தேவையில்லை. சட்டைப் பையைக் காலி செய்துவிட்டுப் படுத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றதும் சில விநாடி பிடித்தால் முடிந்தது. கதிர்வீச்சு, இயற்கையாக ஒரு வருடத்தில் நம் மேல் படுவதை விடக் குறைவு. ஆனால் சீட்டில் "லோ டோஸ்" என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் வழக்கமான சி.டி.யை எடுத்துவிடுவார்கள், அதில் கதிர்வீச்சு பல மடங்கு.

சிக்கல் ரிப்போர்ட் வந்த பிறகுதான் ஆரம்பிக்கும். அந்த அமெரிக்க ஆய்வில் எடுத்த ஸ்கேன்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று "ஏதோ இருக்கிறது" என்று வந்தது. அப்படி வந்தவற்றில் 96 சதவீதம் புற்றுநோயே இல்லை. நம் ஊரில் பழைய காசநோய்த் தழும்பு, ஆறிப்போன சுண்ணாம்புப் பொட்டு என்று நெஞ்சில் ஏதாவது இருப்பவர்கள் அதிகம். ஆக அப்பாவின் ரிப்போர்ட்டில் "வலது மேல் மடலில் 5 மி.மீ. நாட்யூல்" என்று ஒரு வரி இருக்கலாம். அதைப் பார்த்ததும் வீடே சாவு வீடு மாதிரி ஆகிவிட வேண்டாம். முதல் ஸ்கேனில் 6 மி.மீ.க்குக் கீழ் உள்ள கெட்டியான பொட்டு என்றால், அடுத்த வருடம் வழக்கம் போல எடுத்தால் போதும். 6 முதல் 8 வரை என்றால் ஆறு மாதத்தில் மறுபடி. 8க்கு மேல் என்றால் சீக்கிரம், மூன்று மாதத்திலோ உடனேயோ மேற்கொண்டு பார்க்க வேண்டும். வளர்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால் முதல் ஸ்கேனின் படங்கள் பதிந்த குறுந்தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த ஸ்கேனை ஒப்பிட அதுதான் வேண்டும். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது.

ஒரு நிபந்தனை இருக்கிறது. ஏதாவது தென்பட்டால் ஆபரேஷனுக்கு உடம்பு தாங்குமா, அவர் சம்மதிப்பாரா? "என்ன வந்தாலும் கத்தி வைக்க விடமாட்டேன்" என்பவருக்கு இந்த ஸ்கேன் மனக்கவலையை மட்டுமே கொடுக்கும். அதை முன்பே பேசிவிடுங்கள். இந்தியாவில் இதற்கென்று அரசுத் திட்டம் இல்லை, கைக்காசுதான். பிரிட்டனில் சூப்பர் மார்க்கெட் வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, 55 முதல் 74 வயதுப் புகைப்பழக்கக்காரர்களைக் கூப்பிட்டு எடுக்கிறார்கள்.

அம்மாவுக்கும் எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். புகைக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது, பெண்களுக்கும் வருகிறது, உண்மை. அடுத்தவர் புகையும் விறகடுப்புப் புகையும் அதற்குத் துணை போகின்றன. ஆனாலும் புகைக்காதவர்களுக்கு வருடாவருடம் சி.டி. எடுத்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு இன்னும் போதிய ஆதாரம் இல்லை. தைவான் மட்டும் 2022 முதல், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நுரையீரல் புற்றுநோய் இருந்தவர்களுக்கு, புகைக்காவிட்டாலும், எடுத்துப் பார்க்கிறது. உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்.

அப்பாவுக்கு நுரையீரல் ஸ்க்ரீனிங்கை விட அவசரமாக நான் பார்க்க விரும்புவது அவருடைய வாயை. இந்திய ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். இதற்கு ஸ்கேன் வேண்டாம், காசு வேண்டாம், ஒரு டார்ச் போதும். கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் 1996இல் தொடங்கி, டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர்களை வீடு வீடாக அனுப்பி, 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. உலகத்துக்கே இதில் பாடம் நம் பக்கத்து ஊர்.

இன்றிரவே பாருங்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, வெற்றிலையை எந்தக் கடைவாயில் ஒதுக்குவார் என்று கேளுங்கள். அந்தப் பக்கக் கன்னத்தை விரலால் விலக்கி டார்ச் அடியுங்கள். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரி சிவந்த திட்டு (இதுதான் அதிக ஆபத்து), மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல். நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கமும், நாக்கின் இரண்டு ஓரங்களும். பிறகு ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி, அவருடைய விரலாலேயே, வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். மூன்றும் நுழையவில்லை, கன்னம் தோல் பை மாதிரி விறைப்பாக இருக்கிறது, கொஞ்சம் காரம் பட்டாலும் எரிகிறது என்றால், அது பாக்கினால் வரும் நார் இறுக்கம். அதுவே பின்னால் புற்றாக மாறக் கூடும். "நான் புகையிலையை விட்டுட்டேன், பாக்கு மட்டும்தான்" என்று பெருமையாகச் சொல்பவர்களை வாரத்துக்கு இரண்டு பேரையாவது பார்ப்பேன். பாக்கு தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே சொல்லிவிட்டது. திட்டு எதுவும் கண்ணில் படாவிட்டாலும் வருடம் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்பாவுக்கு மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெருங்குடல்: அமெரிக்காவில் 45 வயதிலிருந்து எல்லாரையும் பார்க்கச் சொல்கிறார்கள், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்துக்கு வருடாவருடம், அல்லது பத்து வருடத்துக்கு ஒருமுறை கொலோனாஸ்கோபி (கேமரா குழாயை உள்ளே விட்டுக் குடலைப் பார்ப்பது). நம் நாட்டில் இந்த நோய் ஒப்பீட்டளவில் குறைவு, தேசியத் திட்டம் கிடையாது. குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் கண்டிப்பாகப் பேச வேண்டும். மலத்தில் ரத்தம் போனால் மட்டும் "மூலம்தான்" என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை 55 முதல் 69 வயதுக்குள் டாக்டரோடு சாதக பாதகம் பேசி எடுக்க வேண்டியது. கூட்டத்தோடு கூட்டமாக எடுக்க வேண்டியது இல்லை.

இனி அம்மா. இரண்டு பரிசோதனை: மார்பகம், கர்ப்பப்பை வாய்.

மார்பகத்துக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எந்த வயதில் தொடங்குவது என்பதில் ஊருக்கு ஊர் கருத்து வேறு. அமெரிக்காவில் 2024 முதல் 40 முதல் 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பிரிட்டனில் 50இல் தொடங்கி மூன்று வருடத்துக்கு ஒருமுறை. நம் அரசுத் திட்டத்தில் 30 வயதிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நர்ஸோ டாக்டரோ கையால் தடவிப் பார்ப்பது. கையால் பார்ப்பது என்றதும் மட்டமாக நினைக்க வேண்டாம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பார்த்ததிலேயே, 50 வயதைத் தாண்டியவர்களிடம் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. வயது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது: அதே கை, அதே பயிற்சி, வயது மட்டும் வேறு.

உங்கள் அம்மாவுக்கு 53, உடன்பிறந்த தங்கைக்கு 44இல் வந்திருக்கிறது. ஆகவே அவருக்கு மேமோகிராம் இப்போதே எடுக்கலாம், தள்ள வேண்டாம். மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள், கொஞ்சம் வலிக்கும், சில விநாடிதான். அன்றைக்கு அக்குளில் பவுடர் போட்டுக்கொண்டு போக வேண்டாம் என்று சொல்லுங்கள். படத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்து குழப்பும்.

கர்ப்பப்பை வாய்க்கு முதல் கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பை இருக்கிறதா? சிரிக்காதீர்கள். நம் ஊரில் நாற்பதைத் தாண்டிய எத்தனையோ பெண்களுக்கு "எடுத்தாச்சு". புற்று இல்லாத காரணத்துக்காக வாய்ப்பகுதியோடு சேர்த்து எடுத்திருந்தால் இந்தப் பரிசோதனையே தேவையில்லை. டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தால் தெரியும்.

இருக்கிறது என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் செய்யும் பரிசோதனையைப் பற்றிச் சொல்கிறேன், அக்காவுக்கும் இது வேண்டும். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, கிட்டத்தட்ட வினிகர்தான், பஞ்சால் ஒற்றி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாற்றம் ஏற்பட்ட இடம் இருந்தால், அது மட்டும் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு நர்ஸ்களை வைத்து இதை ஒரே ஒருமுறை செய்தார்கள். அம்பிளிக்கை மருத்துவமனை அதற்கு மையமாக இருந்தது. 2007இல் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. முப்பதுகளில் இருந்த பெண்களிடம் பலன் இன்னும் அதிகம். வினிகரையும் டார்ச்சையும் வைத்து! காரணம் இதுதான்: இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி. கிருமி தொற்றி அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து, பதினைந்து வருடம் ஆகிறது. நடுவில் எந்த வருடத்தில் பார்த்தாலும், அந்த இடத்தைக் குளிர் கொடுத்தோ சூடு கொடுத்தோ அங்கேயே நீக்கிவிடலாம். புற்று வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும்.

ஆனால் அம்மாவுக்கு இந்த வினிகர்ப் பரிசோதனை அவ்வளவு பொருந்தாது. மாதவிடாய் நின்ற பிறகு, பார்க்க வேண்டிய அந்த எல்லைப்பகுதி உள்ளே இழுத்துக்கொண்டுவிடும், கண்ணுக்குத் தெரியாது. "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் பார்க்க முடியாமல் போனதாக இருக்கலாம். அவருக்கு எச்.பி.வி. பரிசோதனை, அது கிடைக்காவிட்டால் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்ப்பது). எச்.பி.வி. பரிசோதனையில் பெண்ணே மறைவாகப் போய்ப் பஞ்சுக் குச்சியால் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் வசதியும் உண்டு. "அங்கெல்லாம் காட்ட மாட்டேன்" என்கிற அம்மாக்களுக்கு அது பெரிய உதவி. கிருமி இல்லை என்று வந்தால் ஐந்து முதல் பத்து வருடம் வரை மறுபடி தேவையில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அக்கா 38. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் இந்த மாதமே. மார்பகத்தைக் கையால் பார்க்கும் பரிசோதனையும் அதே இடத்தில் முடிந்துவிடும். மேமோகிராம் 40இல் தொடங்கலாம். அதற்கு முன் சித்தியின் கதையைத் தெளிவாக்க வேண்டும். 44 என்பது இளவயதுதான். மரபணுவில் பி.ஆர்.சி.ஏ. போன்ற கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது முதலில் சித்திக்குத்தான். நோய் வந்தவரிடம் பார்த்தால்தான் பதில் தெளிவாக வரும். சித்திக்கு இல்லை என்றால் உங்கள் வீட்டுப் பயம் பெருமளவு குறையும். இருக்கிறது என்றால் அம்மாவுக்கும் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, அம்மாவுக்கு இருந்தால் அக்காவுக்கும் உங்களுக்கும் அதே போல. ஆம், உங்களுக்கும். ஆண் வழியாகவும் இது இறங்கும். கோளாறு உறுதியானவர்களுக்குக் கணக்கே வேறு: முப்பதுக்கு முன்பே வருடாவருடம் எம்.ஆர்.ஐ. என்று போகும்.

அக்கா மகளுக்கு 11. இந்தக் குடும்பத்திலேயே சரியான வயதில் இருப்பவள் அவள்தான். எச்.பி.வி. தடுப்பூசிக்கு 9 முதல் 14 வரைதான் நல்ல காலம். புனேயில் தயாராகும் செர்வாவேக் என்ற தடுப்பூசி 2023இல் விற்பனைக்கு வந்த பிறகு விலையும் இறங்கியிருக்கிறது. இரண்டு டோஸ் போடுவது வழக்கம். ஒரு டோஸும் நல்ல பாதுகாப்பு தருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டது. "இந்த வயசுல எதுக்கு?" என்று பாட்டி கேட்பார். கிருமி தொற்றுவதற்கு முன் போட்டால்தான் பலன், அவ்வளவுதான் பதில். ஊசி போட்டாலும் வயது வந்த பின் பரிசோதனை உண்டு.

உங்கள் மனைவிக்கு 29. அடுத்த வருடம் 30 ஆனதும் எச்.பி.வி. அல்லது வினிகர்ப் பரிசோதனை, மார்பகத்தைக் கையால் பார்ப்பது. உங்களுக்கு 33, பாக்கு, புகை இல்லை என்றால் இப்போதைக்குத் தேட வேண்டிய புற்றுநோய் ஒன்றும் இல்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள்.

இப்போது அந்தப் பேக்கேஜ். மேலே நான் சொன்னதில், அது எதையாவது உள்ளடக்கியிருக்கிறதா பாருங்கள். வாய் இல்லை, கர்ப்பப்பை வாய் இல்லை, மேமோகிராம் இல்லை, லோ டோஸ் சி.டி. இல்லை. பலன் நிரூபணமான நான்கும் இல்லை. இருப்பவை மார்க்கர்கள். சி.ஏ. 125 என்ற மார்க்கர் மாதவிடாய் நேரத்தில் ஏறும், நார்க்கட்டிக்கு ஏறும், வயிற்றுக் காசநோய்க்கும் ஏறும். பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களிடம் அதையும் ஸ்கேனையும் வைத்துச் சூலகப் புற்றுநோயைத் தேடினார்கள். 2021இல் இறுதி முடிவு வந்தபோது மரணம் குறையவில்லை. சி.இ.ஏ. சிகரெட் பிடித்தாலே ஏறும். சி.ஏ. 19-9 பித்தப்பைக் கல்லுக்கே ஏறும். இவை எல்லாம் நோய் உறுதியானவருக்குச் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க உதவுபவை. நோய் இல்லாதவரிடம் எடுத்தால் இரண்டு விதத்தில் கெடுதல்: ஏறியிருந்தால் பெட் ஸ்கேன் வரை ஓட வைக்கும், சரியாக இருந்தால் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று உண்மையான பரிசோதனைக்கு வராமல் செய்துவிடும்.

தைராய்டு ஸ்கேனுக்குத் தென்கொரியாவைப் பாருங்கள். பொது உடல் பரிசோதனையோடு கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் செய்வோம் என்று அங்கே பழக்கம் வந்தது. 1993க்கும் 2011க்கும் இடையே தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 15 மடங்கு ஆனார்கள். மரண எண்ணிக்கை அசையவே இல்லை. வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு செய்திருக்காத சின்னப் புள்ளிகளைத் தேடிப் பிடித்து, ஆயிரக்கணக்கானவர்களின் தைராய்டை எடுத்து, ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிட வைத்ததுதான் மிச்சம்.

ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அளவு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அப்பாவோடு டாக்டரிடம், இருமலுக்கு. அன்றைக்கே பல் டாக்டரிடமும் ஒரு எட்டு. அம்மாவும் அக்காவும் சேர்ந்தே போகட்டும். தனியாக என்றால் அம்மா ஏதாவது விசேஷத்தைச் சொல்லித் தள்ளிப்போடுவார், மகளைத் துணைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னால் கிளம்பிவிடுவார். மாதவிடாய் நாளில் அக்காவுக்கு எடுக்க முடியாது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள். சித்தி வீட்டுக்குப் போன் போட்டு, அவருடைய பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதில் கட்டி எந்த வகை என்று காட்டும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மூன்று வரி இருக்கும். மூன்றும் நெகட்டிவ் என்றிருந்தால் மரபணுப் பரிசோதனையைப் பற்றி இன்னும் சீக்கிரம் பேச வேண்டும். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அம்மா, அக்கா இருவரின் ஃபைலிலும் ஒவ்வொன்று வையுங்கள்.